ஓவியங்களை அச்சில் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியம் வரைகிறவர்கள், வாங்குகிறவர்கள், வீட்டிலிருக்கும் பழைய படத்துக்கு நல்ல நகல் எடுக்க நினைப்பவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. ஒரே இடத்தில் இருந்தால் எல்லோருக்கும் பயன்படும் என்று தொகுத்திருக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். முதலில் வருபவை அடிப்படையானவை, போகப் போகச் சிக்கல் கூடும்.

ஜிக்லே பிரிண்ட் என்கிறார்களே, அது என்ன? சாதாரண கலர் பிரிண்ட்தானே?

இயந்திரத்தின் அடிப்படை அதேதான். மையை மிக நுண்ணிய துளிகளாகத் தாளில் தெளிக்கும் இங்க்ஜெட் முறை. வித்தியாசம் மையிலும் தாளிலும் இருக்கிறது. வீட்டு பிரிண்டரில் பெரும்பாலும் நாலு மை. ஓவிய நகல் எடுக்கும் அகலமான இயந்திரங்களில் எட்டு முதல் பன்னிரண்டு மைகள் இருக்கும். வெளிர் நீலம், வெளிர் சிவப்பு, இரண்டு மூன்று சாம்பல், சிலவற்றில் ஆரஞ்சும் பச்சையும் ஊதாவும்கூட. வானம் நீலத்திலிருந்து வெள்ளைக்கு நழுவுகிற இடம், கன்னத்தில் நிழல் விழுகிற இடம் எல்லாம் படிப்படியாகத் தெரியாமல் வழுவழுப்பாக வருவது இந்த வெளிர் மைகளால்தான்.

இது தொடங்கியது அமெரிக்காவில். பாடகரும் புகைப்படக்காரருமான கிரஹாம் நாஷ், கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் 1991இல் நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சகத்தைத் திறந்தார். அங்கே வைத்திருந்த ஐரிஸ் 3047, அச்சகங்களில் மாதிரி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட இயந்திரம். அதைக் கலைப்படங்களுக்குத் திருப்பியது அவர்கள் செய்த வேலை. ஜிக்லே என்று பெயர் வைத்தவர் அங்கே பணியாற்றிய ஜாக் டுகேன். அந்த இயந்திரம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அதில் ஓடியது சாய மை, வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும். 2000ஆம் ஆண்டை ஒட்டி நிறமி மைகள், அதாவது பிக்மென்ட் மைகள், வந்த பிறகுதான் இந்த முறை நம்பத் தகுந்ததாயிற்று.

ஜிக்லே என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. அதனால் பெயரைக் கேட்டு வாங்காதீர்கள். பிக்மென்ட் மையா, என்ன தாள், ஓவியத்தை எப்படிப் படம் எடுத்தீர்கள் என்று மூன்றையும் கேளுங்கள்.

ஆஃப்செட்டில் அடித்தால் ரொம்ப மலிவாக வருமே? எதற்கு இந்தச் செலவு?

ஆயிரம் பிரதி வேண்டுமென்றால் ஆஃப்செட்தான் சரி. புத்தகம், வாழ்த்து அட்டை, காலண்டர், சுவரொட்டி எல்லாம் அதற்கே உரியவை. சிவகாசி அச்சகங்கள் கோவில்பட்டி சி. கொண்டையராஜுவின் சாமி படங்களை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது இப்படி மொத்தமாக அடித்ததால்தான். அந்தப் படங்களுக்கு அந்த முறை பொருத்தமாகவே இருந்தது.

ஆஃப்செட்டில் நாலு நிறப் புள்ளிகளின் அடுக்குதான் படம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளிகள் ரோஜாப்பூ மாதிரி வட்டம் வட்டமாகத் தெரியும். பிளேட், அதாவது அச்சுத் தகடு, போடும் செலவு பத்துப் பிரதிக்கும் பத்தாயிரம் பிரதிக்கும் ஒன்றே. இங்க்ஜெட்டில் ஒன்று மட்டும் எடுக்கலாம், விற்ற பிறகு அடுத்ததை எடுக்கலாம். முப்பது நாற்பது பேர் மட்டுமே வாங்கப்போகிற ஓவியத்துக்கு இந்த வசதி பெரியது.

ரவிவர்மா படமெல்லாம் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே கலரில் வந்ததே, அது எப்படி?

கல் அச்சில். வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைவார்கள். ஈரமான கல்லில் அச்சு மை வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஒரே தாள் எல்லாக் கற்களின் மேலும் இம்மி பிசகாமல் வந்து விழ வேண்டும். முகத்தின் நிறத்துக்கு மட்டுமே பல கற்கள் வேண்டியிருக்கும். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவ்லா அருகே மாளவ்லிக்கு மாறியது. பின்னர் அதை ஃப்ரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் வாங்கினார். எண்ணெய் ஓவியம் போலத் தெரிய, மேலே வார்னிஷ் பூசி, துணியின் நெசவைத் தாளில் அழுத்திப் பதிப்பதும் உண்டு. ஓலியோகிராஃப் என்பது இதுதான்.

ரவிவர்மாவின் ஓவியத்தைப் பார்த்து இன்னொரு கைவினைஞர் கல்லில் நிறம் நிறமாகப் பிரித்து வரைந்தது அது. அதனால் அதை ஓவியத்தின் நேர் நகல் என்று சொல்ல முடியாது, அந்தக் கைவினைஞரின் கண்ணும் அதில் கலந்திருக்கிறது. உங்கள் வீட்டில் பழைய சட்டத்தில் அப்படி ஒன்று இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது பிரிண்ட் மாட்டாதீர்கள். அந்தத் தாளே சேகரிக்கத் தகுந்த பொருள்.

ஃபிளெக்ஸ் கடையிலேயே கேன்வாஸ் பிரிண்ட் போட்டுத் தருகிறார்களே, அது போதாதா?

கடை வரவேற்பறை அலங்காரத்துக்குப் போதும். அங்கே பெரும்பாலும் ஓடுவது விளம்பரப் பலகைக்கான சால்வென்ட் மை. அது தூரத்திலிருந்து பார்க்கத் தயாரிக்கப்பட்டது. நிறங்களை அளந்து பொருத்தும் பழக்கம் அந்த வேலைக்குத் தேவைப்படாததால் அங்கே இருப்பதில்லை. கேன்வாஸ் என்று தருவதும் அனேகமாக பாலியெஸ்டர் துணி. ஓவியர் கையெழுத்திட்டு விற்கும் பிரதிக்கு அது வேண்டாம்.

மொபைலில் எடுத்த படம் நல்லா கிளியராத்தான் இருக்கு. அதை வைத்துப் பெரிசா போடலாமா?

கூடாது. கணக்கு எளிது. கையில் வைத்துப் பார்க்கிற தரத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 4000க்கு 3000 பிக்சல் உள்ள மொபைல் படம் 13க்கு 10 அங்குலத்தோடு சரி. 24க்கு 36 அங்குலப் பிரதிக்கு 7200க்கு 10800, அதாவது ஏழே முக்கால் கோடி பிக்சல். தள்ளி நின்று பார்க்கிற பெரிய கேன்வாஸுக்கு 150, 200 கூடப் போதும் என்பது உண்மைதான்.

ஆனால் பிக்சல் எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல், மொபைல் தானாகச் செய்யும் திருத்தம். விளிம்புகளைக் கூர்மையாக்கும், புள்ளி புள்ளியாகத் தெரிவதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். நீர்வண்ணத்தில் தாளின் சொரசொரப்பும் உலர்ந்த தூரிகையின் இழுப்பும் அதில் காணாமல் போகும். செயற்கை நுண்ணறிவு மென்பொருளால் படத்தைப் பெரிதாக்கலாமே என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். அது ஓவியர் போடாத கோடுகளைத் தானே வரைந்து நிரப்புகிறது. அப்படி வந்ததை அவருடைய படத்தின் நகல் என்று விற்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அப்போ எப்படித்தான் போட்டோ எடுக்கணும்?

நகலின் தரத்தில் பெரும்பகுதி இந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. இங்கே தொலைந்த விவரத்தை எந்த இயந்திரமும் திருப்பித் தராது. பணம் குறைவாக இருந்தால் தாளில் மிச்சம் பிடியுங்கள், படம் எடுப்பதில் பிடிக்காதீர்கள்.

இரண்டு பக்கமும் 45 பாகைக் கோணத்தில் ஒரே மாதிரியான இரண்டு விளக்குகள். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் கலக்கக் கூடாது. விலை குறைந்த எல்இடி விளக்கில் சில அலைநீளங்கள் குறைவாக இருக்கும், அதனால் சிவப்பும் ஊதாவும் மாறிப்போகும். ஃபிளாஷ் விளக்கோ, நிறத் துல்லியக் குறியீடு (CRI) 95க்கு மேல் உள்ள எல்இடியோ வேண்டும். கேமராவை முக்காலியில் வைத்து, ஓவியத்துக்கு இணையாக நிறுத்துங்கள். இணையாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: ஓவியத்தின் நடுவில் ஒரு சிறு கண்ணாடியைத் தட்டையாக வைத்தால், வியூஃபைண்டரின் நடுவில் உங்கள் லென்ஸே தெரிய வேண்டும். மேக்ரோ லென்ஸ் நல்லது, மற்றவற்றில் பல ஓரங்களை வளைக்கும்.

முதல் படத்தில் 24 கட்டங்கள் உள்ள நிற அட்டையை ஓவியத்தோடு சேர்த்து எடுங்கள். அடுத்து, ஓவியம் இருந்த இடத்தில் வெள்ளை அட்டை ஒன்றை வைத்து எடுங்கள். வெளிச்சம் எங்கே கூடுதல், எங்கே குறைவு என்பது அதில் தெரியும், பிறகு கணினியில் சமன் செய்யலாம். பெரிய ஓவியமென்றால் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டலாம். அப்போது கேமரா அசையாமல் ஓவியம் நகர்வது நல்லது.

எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பு பெரிய தொல்லை. விளக்குகளின் முன் போலரைசிங் தாள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுவது), லென்ஸின் முன் குறுக்காகத் திருப்பிய போலரைசிங் ஃபில்டர், இரண்டும் சேர்ந்தால் பளபளப்பு போய்விடும். ஆனால் நிறங்கள் இருப்பதைவிட ஆழமாகத் தெரியும். அதைக் கொஞ்சம் திருத்தியே ஆக வேண்டும்.

எங்களிடம் தஞ்சாவூர் ஓவியம் இருக்கிறது. பிரிண்டில் தங்கம் பித்தளை மாதிரி வருகிறதே?

தங்கம் ஒரு நிறம் என்றால் மையில் கொண்டுவந்துவிடலாம். நாம் பார்ப்பது எதிரொளிப்பு. தலையை அசைத்தால் ஒளி இடம் மாறுகிறது. மஞ்சளும் பழுப்பும் கலந்த மை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒன்றேபோல் கிடக்கும். மேலே சொன்ன போலரைசிங் முறையை இங்கே பயன்படுத்தினால் இன்னும் மோசம், தங்கரேக்கு, அதாவது ஓவியத்தில் ஒட்டிய மெல்லிய தங்கத் தகடு, கறுத்துவிடும்.

செய்யக் கூடியது இது. ஒரே இடத்தில் கேமராவை வைத்து இரண்டு விதமாக எடுங்கள். நிறங்களுக்கு ஒரு முறை, போலரைசிங் வைத்து. தங்கத்துக்கு ஒரு முறை, அது இல்லாமல், பெரிய வெள்ளைத் தெர்மாகோல் பலகையிலிருந்து திரும்பும் மென்மையான ஒளியில். பிறகு தங்கம் உள்ள இடங்களை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். சுண்ணப்பொடியும் பசையும் கலந்து மேடாக எழுப்பிய நகை, தூண், பிரபாவளி (சாமிக்குப் பின்னால் உள்ள அலங்கார வளைவு) எல்லாம் இரு பக்கமும் சம வெளிச்சம் பட்டால் தட்டையாகிவிடும். இடது மேல் பக்கத்து விளக்கைக் கொஞ்சம் கூட்டினால் மேட்டுக்குச் சின்ன நிழல் கிடைக்கும். இப்படி எடுத்தால் தங்கம் என்று கண் ஒப்புக்கொள்கிற அளவுக்கு வரும்.

மெட்டாலிக் தாளில் போட்டால் வருமே என்பார்கள். அதில் கண்ணனின் முகம்கூட மின்னும், எனக்கு அது பிடிப்பதில்லை. தங்க இடத்தை விட்டுவிட்டு அச்சிட்டு, பிறகு கையால் ரேக்கு ஒட்டுவதும் உண்டு. அழகாகவே இருக்கும். ஆனால் அதை "அச்சின் மேல் கைவேலை" என்று சொல்லித்தான் விற்க வேண்டும். தஞ்சாவூர் ஓவியம் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில். அச்சிட்டதை அந்தப் பெயரில் விற்பது, மாதக்கணக்கில் உட்கார்ந்து ரேக்கு ஒட்டுகிறவரின் பிழைப்பில் கைவைப்பது.

ஸ்க்ரீனில் பளிச்சென்று இருந்தது, பிரிண்டில் மங்கிப் போச்சே?

திரை தானே ஒளிர்கிறது, தாள் தன்மேல் விழுந்த ஒளியைத் திருப்பித் தருகிறது. பெரும்பாலான திரைகள் தேவைக்கு மேல் வெளிச்சமாக வைக்கப்பட்டிருக்கும். அதில் சரியாகத் தெரியும்படி திருத்திய படம் தாளில் இருட்டாகத்தான் வரும். திரையை அளவு கருவியால் சரிசெய்து, வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா வரை குறைத்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதி, ஐசிசி ப்ரொஃபைல். இந்த இயந்திரம், இந்த மை, இந்தத் தாள் மூன்றும் சேர்ந்தால் எந்த நிறம் எப்படி வரும் என்று அளந்து எழுதிய கோப்பு அது. தாள் மாறினால் ப்ரொஃபைலும் மாற வேண்டும். உங்களிடம் ப்ரொஃபைல் கேட்டால் தர முடியாத அச்சகத்தில் நிற விஷயத்தில் அதிர்ஷ்டத்தை நம்பித்தான் இருக்க வேண்டும்.

எவ்வளவு செலவு செய்தாலும் ஒரிஜினல் நிறம் அப்படியே வருமா?

பெரும்பாலான நிறங்கள் வரும். சில வரவே வராது. ஃபுளோரசன்ட் நிறங்கள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி வெளிச்சமாகத் தருபவை, அச்சு மை அதைச் செய்யாது. கேட்மியம் ஆரஞ்சின் உச்சமும், அல்ட்ராமரீனின் ஆழமும் பல இயந்திரங்களின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. மங்கலான மேட் தாளில் கறுப்பும் அவ்வளவு ஆழமாக இறங்காது.

இன்னொன்றும் உண்டு. ஓவியரின் நீலம் ஒரே நிறமியாக இருக்கலாம், நம் நீலம் நாலு மைகளின் கலவை. பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், வீட்டு எல்இடி விளக்கில் பிரிந்துவிடும். இது யாருடைய தவறும் இல்லை. அதனால்தான் முழு அளவில் அச்சிடும் முன் முக்கியமான இடத்தை, முகமோ வானமோ, ஒரு பட்டையாக அச்சிட்டு ஒரிஜினலின் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். முடிந்தால் ஓவியரையும் உட்கார வைத்து. எந்த நிறத்தை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்று அவர்தான் சொல்ல முடியும்.

தாள் நல்லதா, கேன்வாஸ் நல்லதா?

தாளில் வரைந்தது தாளில், துணியில் வரைந்தது துணியில் என்பது என் வழக்கம். நீர்வண்ணத்தைக் கேன்வாஸில் போட்டால் அதன் உயிரே போய்விடும். தாளில் முதல் இடம் நூறு சதம் பருத்தியாலான, அமிலமற்ற, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அளவுள்ளதற்கு. 1584இலிருந்து இயங்கும் ஜெர்மனியின் ஹானமூலே ஆலையின் தாள்களை இங்கே பலரும் பயன்படுத்துகிறார்கள். அடுத்தது மரக்கூழைச் சுத்திகரித்துச் செய்த ஆல்ஃபா செல்லுலோஸ், கொஞ்சம் மலிவு. புதுச்சேரியில் கையால் செய்யும் காகிதம் தொட்டுப் பார்க்க அருமையானது, ஆனால் இங்க்ஜெட்டுக்கான பூச்சு இல்லாவிட்டால் மையைக் குடித்து நிறம் மங்கிவிடும்.

வெள்ளை வெளேரென்று இருக்கும் தாளைக் கண்டால் கவனம். அந்த வெண்மை ஒளிர்வூட்டும் ரசாயனத்தால் வந்திருக்கலாம், காலப்போக்கில் அது செயலிழந்து தாள் மஞ்சளாகத் தெரியும். கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் காட்டுங்கள். நீலமாக ஒளிர்ந்தால் ரசாயனம் இருக்கிறது.

நூறு வருஷம் இருக்கும் என்கிறார்கள். நம்பலாமா?

அந்தக் கணக்குகள் வில்ஹெல்ம் இமேஜிங் ரிசர்ச் போன்ற ஆய்வகங்களில் கடும் வெளிச்சத்தில் வைத்து, வேகப்படுத்திச் சோதித்துக் கணித்தவை. தினம் 12 மணி நேரம் 450 லக்ஸ் வெளிச்சம் என்பது வில்ஹெல்மின் அனுமானம். பிக்மென்ட் மையும் பருத்தித் தாளும் கண்ணாடிச் சட்டமும் சேர்ந்தால் நூறைத் தாண்டும் கணிப்புகள் உண்டு. தாளில் வரைந்தவற்றுக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் வெளிச்சம் 50 லக்ஸ்தான் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் வெளிச்சத்துக்கு முன்னால் ஈரம் வந்து கெடுத்துவிடும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் தாளில் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடி பிரிண்டைத் தொடக் கூடாது, தொட்டால் ஒட்டிக்கொள்ளும். நடுவில் அமிலமற்ற மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடுங்கள். சட்டம் போடுகிற கடையில் கேட்காவிட்டால் பின்னால் சாதாரண ஹார்ட்போர்டு வைத்துவிடுவார்கள், அதன் அமிலம் தாளுக்கு இறங்கும். நீர் கசியும் சுவரிலும், மேற்கு ஜன்னலுக்கு எதிரிலும் மாட்ட வேண்டாம்.

தூரிகை போன மேடு பள்ளம் பிரிண்டில் வருமா?

சாதாரண இங்க்ஜெட்டில் வராது. மேலே கையால் ஜெல் தடவி மேடு காட்டுகிறார்கள். அந்தத் தடவலுக்கும் ஓவியரின் தூரிகைக்கும் தொடர்பே இல்லை. மேற்பரப்பை முப்பரிமாணத்தில் அளந்து செய்யும் முறைகள் இருக்கின்றன. 2013இல் ஆம்ஸ்டர்டாமின் வான் கோ அருங்காட்சியகம் ஃப்யூஜிஃபில்முடன் சேர்ந்து ரிலீவோ என்ற பெயரில் அப்படி நகல்கள் வெளியிட்டது. விலை மிக அதிகம்.

நகல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வெனிஸில் ஒரு சான்று உண்டு. வெரோனீஸ் 1563இல் சான் ஜார்ஜியோ மடத்து உணவுக்கூடத்துக்காக வரைந்த "கானா ஊர்க் கல்யாணம்" என்ற மாபெரும் ஓவியத்தை நெப்போலியனின் படை 1797இல் எடுத்துக்கொண்டு போனது. இன்றும் அது பாரிஸின் லூவரில்தான் இருக்கிறது. ஃபாக்டும் ஆர்ட்டே என்ற குழு அதை லூவரிலேயே ஸ்கேன் செய்து, ஓவியர்கள் பூசுவது போன்ற வெள்ளைப் பூச்சிட்ட துணியில் அச்சிட்டு, 2007இல் பழைய சுவரில் மாட்டியது. அந்தக் கூடத்துக்காகவே வரைந்த படம், அதே கூடத்தின் வெளிச்சத்தில். நகல் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

இங்க்ஜெட் தவிர உயர்தர முறை வேறு எதுவும் இல்லையா?

உண்டு. தட்டையான, அழுத்தமான நிறங்களில் வரைகிறவர்களுக்கு ஸ்க்ரீன் பிரிண்டிங், அதாவது செரிகிராஃப். நிறத்துக்கு ஒரு திரை, மை கனமாக உட்காரும், ஃபுளோரசன்ட்கூடப் போடலாம்.

எனக்கு மிகப் பிடித்தது கொலோடைப். கண்ணாடித் தட்டில் ஜெலட்டின் பூசி, அதில் நெகட்டிவ் வழியாக ஒளி பாய்ச்சுவார்கள். ஒளி பட்ட அளவுக்கு ஜெலட்டின் இறுகி, அந்த அளவுக்கு மை பிடிக்கும். புள்ளியே கிடையாது. ஜப்பானில் கியோட்டோ நகரின் பென்ரிடோ அச்சகம் இன்றும் வண்ணத்தில் இதைச் செய்கிறது. அந்த நாட்டின் ஹோர்யூஜி கோவில் சுவரோவியங்களை அவர்கள் 1935இல் முழு அளவில் படம் எடுத்தார்கள். 1949இல் அந்தச் சுவர்கள் தீயில் கருகின. பிறகு மறுபடி வரைந்தபோது அடிப்படையாக இருந்தவை அந்தப் படங்களிலிருந்து எடுத்த கொலோடைப் நகல்கள்தாம்.

கீழே பென்சிலில் 12/50 என்று எழுதியிருக்கிறார்கள். உண்மையிலேயே 50தான் போட்டார்களா?

ஐம்பதில் பன்னிரண்டாவது என்று பொருள். கல்லையும் பிளேட்டையும் அழித்துவிடலாம், கணினிக் கோப்பு அப்படியே இருக்கும். ஆகவே இது முழுக்க ஓவியரின் வாக்கு. எழுத்தில் கேளுங்கள்: எந்த அளவில், எந்தத் தாளில் 50? இதே படத்தைச் சிறிய அளவில் இன்னொரு 50 போடுவீர்களா? ஓவியருக்கான தனிப் பிரதிகள் எத்தனை? அவை பத்து சதத்துக்குள் இருப்பது வழக்கம். நேர்மையானவர் கோபப்படாமல் பதில் சொல்வார்.

ஓவியத்தை நான் காசு கொடுத்து வாங்கிவிட்டேன். பிரிண்ட் போட்டு விற்கலாம்தானே?

விற்க முடியாது. நீங்கள் வாங்கியது பொருளை. நகலெடுக்கும் உரிமை, 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியரிடமே இருக்கிறது. அதை எழுத்து மூலமாகத்தான் மாற்ற முடியும். எத்தனை காலம் என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும்.

ஓவியர்கள் கவனிக்க வேண்டிய சிக்கல் 17ஆம் பிரிவில் இருக்கிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதால், பணம் வாங்கிக்கொண்டு வரைந்த ஓவியமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர். எனவே ஆர்டர் எடுக்கும்போதே "நகலெடுக்கும் உரிமை என்னுடையது" என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓவியர் இறந்துவிட்டால்?

இறந்த ஆண்டு முடிந்து அறுபது ஆண்டு வரை உரிமை வாரிசுகளுக்கு. ரவிவர்மா 1906இல் இறந்தார், அவர் படங்களுக்குத் தடையில்லை. சோழமண்டல ஓவியர் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கர் 1977இல் இறந்தார், அவருடையவற்றுக்கு 2037 முடியும் வரை அனுமதி வேண்டும்.

தாத்தா காலத்து ஓவியம் மங்கிவிட்டது. பிரிண்டில் பழைய நிறத்தைக் கொண்டுவர முடியுமா?

கணினியில் கொண்டுவரலாம். ஆனால் "பழைய நிறம்" எது என்று யாருக்குத் தெரியும்? மஞ்சளாகத் தெரிவது வார்னிஷாக இருக்கலாம், ஓவியர் வேண்டுமென்றே போட்ட மஞ்சளாகவும் இருக்கலாம். சட்டத்தைக் கழற்றிப் பாருங்கள். ஓரத்தில் வெளிச்சம் படாமல் மறைந்திருந்த பட்டையில் நிறம் அப்படியே இருந்தால், அதை அளந்து மற்ற இடங்களைத் திருத்தலாம். அந்தச் சான்று இல்லாவிட்டால் ஊகிக்க வேண்டாம்.

எப்படியானாலும் முதலில் இன்றிருக்கும் நிலையிலேயே படம் எடுத்து, திருத்தாத கோப்பைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். திருத்தியது வேறு கோப்பு. பிரிண்டின் பின்புறம் பென்சிலில் எழுதுங்கள்: அச்சு நகல், நிறம் திருத்தப்பட்டது, எடுத்த ஆண்டு, மை, தாள்.